கடைசி பஸ் எத்தனை மணிக்கு?

2024 மே மாதம், மலேசியாவின் ஈப்போ நகரில் அஸ்லான் ஷா அரங்கு. ஜப்பானும் பாகிஸ்தானும் அஸ்லான் ஷா கிண்ண ஹாக்கியின் இறுதியாட்டம் ஆடிக்கொண்டிருந்தன. எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டிலிருந்து அரை மணி நேரத்தில் போய்விடலாம் என்பதால், அஸ்லான் ஷா கிண்ணம் நடக்கும்போது ஓர் ஆட்டத்தையாவது நேரில் பார்த்துவிடுவது என் வழக்கம். மலேசியா இறுதிக்கு வராவிட்டால் கூட்டத்துக்குக் கையிலுள்ள கச்சாங் பூத்தே கடலைப் பொட்டலத்தின் மேல்தான் கவனம் இருக்கும். நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். இரண்டு வரிசை கீழே ஒரு பெரியவர் ஆட்டத்தையே பார்க்கவில்லை. பந்து வலப்பக்கம் போனால் எல்லாத் தலைகளும் வலப்பக்கம் திரும்பின. அவர் தலை மட்டும் எல்லைக்கோட்டை விட்டு அசையவில்லை. அங்கே பந்து பொறுக்கிப் போட நிறுத்தியிருந்த பள்ளிப் பிள்ளைகள் நின்றார்கள். அவர்களில் ஒரு பையன், பந்து வெளியே வருவதற்கு முன்பே அது வரப்போகும் இடத்துக்கு இரண்டு எட்டு நகர்ந்துவிட்டான். பெரியவரின் கழுத்தும் அவனோடு சேர்ந்து நகர்ந்தது. அந்தக் கழுத்தை வைத்துத்தான் அடையாளம் கண்டேன். எங்கள் ஹாக்கி வாத்தியார்.

அவரிடம் கேட்க இருபது வருடமாக ஒரு கேள்வி வைத்திருந்தேன். கேள்வி என்று மரியாதைக்குச் சொல்கிறேன். உண்மையில் அது ஒரு கோபம். வயது ஏற ஏறக் கோபம் தானாகக் கேள்வியாகிவிடுகிறது.

ஊரில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்களை நான் பார்த்ததில்லை. சுங்கை சிப்புட்டுக்கு உள்ளே தள்ளியிருக்கும் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக் குடும்பத்தில் பிறந்தவர். 1975-இல் உலகக் கிண்ணம் கோலாலம்பூரில் நடந்தபோது அவருக்குப் பதினொரு வயது. அரையிறுதியில் இந்தியாவுக்கு எதிராக 2-1 என்று முன்னிலையில் இருந்தோம். முடியப்போகும் நேரத்தில் மாற்று ஆட்டக்காரராக உள்ளே வந்த அஸ்லம் ஷேர் கான் பெனால்டி கார்னரில் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங் அடித்த கோலில் எல்லாம் முடிந்தது. இந்தக் கதையை எங்கள் தலைமுறைக்கு அப்பாக்கள் சோற்றோடு பிசைந்து ஊட்டினார்கள். என் அப்பா சொல்லும்போது மீதமிருந்த நிமிடங்கள் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வரும். கடைசியாகக் கேட்டபோது அரை நிமிடம்தான் இருந்தது. வாத்தியார் அந்த ஆட்டத்தைத் தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணியின் வீட்டு வாசலில் ரேடியோவில் கேட்டவர். அன்று அங்கே கூடியிருந்தவர்களில் சிலர் எந்தப் பக்கம் கைதட்டுவது என்று தெரியாமல் நின்றார்கள் என்று ஒருமுறை சொன்னார். அப்பா தம் கதையில் அதைச் சேர்த்ததே இல்லை.

தொழில்முறை ஆட்டக்காரர் என்றால் வெளியூர்க்காரர்கள் பெரிதாக எதையோ நினைத்துக்கொள்வார்கள். அவர் ஆடிய காலத்தில் நம் நாட்டில் அதற்குப் பொருள் இதுதான்: குழு வைத்திருக்கும் ஒரு நிறுவனம் வேலை கொடுக்கும், சம்பளச் சீட்டில் குமாஸ்தா என்று இருக்கும், பிற்பகல் ஆனதும் மேசையை விட்டு எழுந்து திடலுக்குப் போகலாம். மலேசிய ஹாக்கி லீக் 1987-இல் தொடங்கியபோது அவர் நல்ல பருவத்தில் இருந்தார். தேசியப் பயிற்சி முகாம்களுக்கும் கூப்பிட்டிருக்கிறார்கள். பிறகு ஒரு பருவத்தின் முடிவில் நிறுவனம் குழுவைக் கலைத்தது. வேலையை விட்டு யாரையும் அனுப்பவில்லை. அதுதான் பெரிய தண்டனை என்பார். இருபத்தெட்டு வயதில், பழுதான ஒரு முழங்காலோடு, முதன்முறையாக முழு நாளும் மேசையில் உட்கார வேண்டி வந்தது. "ஐந்து வருடம் குமாஸ்தா. ஒரு கடிதம் எழுதத் தெரியாது எனக்கு" என்று வகுப்பிலேயே சொல்வார். அங்கிருந்து ஆசிரியர் பயிற்சிக்குப் போய், 1995-இல் எங்கள் தமிழ்ப்பள்ளிக்கு வந்து சேர்ந்தார். மலாய் மொழியும் உடற்கல்வியும் அவர் பாடங்கள்.

இடதுகைக்காரர்கள்

பள்ளித் திடல் ஒரு பக்கம் சரிந்திருக்கும். மேட்டுப்பக்கக் கோலைக் காக்கும் குழுவுக்குப் பாதி வெற்றி கையிலேயே இருக்கும். ஸ்டிக்குகள் அவர் பழைய நண்பர்களிடம் வாங்கி வந்தவை. பெரியவர்களுக்கான நீளம். இரும்பு அறுக்கும் ரம்பத்தால் கைப்பிடியை அறுத்து, சைக்கிள் டியூப்பைச் சுற்றித் தருவார். பாடநூலில் அதற்கு வளைகோல் என்று பெயர். எங்கள் கைக்கு வந்தபோது வளைவுதான் மிச்சமிருந்தது, கோல் பாதிதான்.

ஹாக்கியில் இடதுகைக்காரர்களுக்கென்று தனி ஸ்டிக் கிடையாது. தட்டையான முகம் ஒரு பக்கம் மட்டும்தான். முதுகுப்பக்கம் பந்தில் பட்டால் நடுவர் ஊதிவிடுவார். அதனால் இடதுகைப் பிள்ளைகளுக்கு இந்த ஆட்டம் வராது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். வாத்தியார் வகுப்பில் நுழைந்ததும் எந்தப் பிள்ளை இடதுகையால் எழுதுகிறது என்று பார்ப்பார். ஸ்டிக்கின் உச்சியைப் பிடித்திருப்பது இடதுகை. ஸ்டிக்கைத் திருப்புவதும் புரட்டுவதும் அந்தக் கையின் மணிக்கட்டுதான். வலதுகை கீழே துணைக்கு வருகிறது, அவ்வளவே. "சோறு எந்தக் கையில் சாப்பிட்டாலும் சரி, இங்கே சமைப்பது இடதுகை" என்பார். என் தம்பி இடதுகைக்காரன். அதற்காக வீட்டில் அவன் கையில் விழுந்த அடிகளுக்குக் கணக்கில்லை. அந்தக் கையைப் பிடித்துப் பார்த்து ஒருவர் சிரித்தது அவன் வாழ்க்கையில் அதுதான் முதல் முறை.

ஒரு பத்திரிகையில் யாரோ எழுதியிருந்தார்கள், தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பால்வெட்டுக் கத்தி பிடித்த மணிக்கட்டு, அதனால்தான் ஹாக்கி இப்படி வருகிறது என்று. அதை வாசித்துவிட்டு வாத்தியார் கேட்டார்: "வெட்டியது அவன் அம்மா. மணிக்கட்டு மட்டும் இவனுக்கு எப்படி வரும்?" தோட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு மண்ணில் புதைந்த வைரம் என்று ஏதாவது வேண்டியிருக்கிறது. எனக்கு அந்த உவமையைக் கேட்டாலே எரிச்சல் வரும். வைரத்துக்குப் பசிக்காது; வைரம் மாலை ஆறு மணிக்கு வீடு திரும்ப வேண்டியதில்லை.

வாத்தியார் ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்தால் அவனிடம் கேட்கும் முதல் கேள்வி, "உங்கள் தோட்டத்துக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு?" எங்கள் தோட்டத்துக்கு ஆறு மணிக்கு. பயிற்சி முடியவே ஆறேகால் ஆகும். மெயின் ரோட்டிலிருந்து உள்ளே ஒன்பது கிலோமீட்டர் செம்மண் சாலை, இரண்டு பக்கமும் செம்பனை. அவருடைய பழைய புரோட்டோன் சாகா காரில் முன்னால் இரண்டு பேர், பின்னால் ஆறு பேர், ஜன்னலுக்கு வெளியே நீட்டிய ஸ்டிக்குகள். மூன்று தோட்டங்களில் இறக்கிவிட்டு அவர் வீடு சேர எட்டரை ஆகுமாம். பெட்ரோலுக்கு யாரும் காசு கொடுத்ததாக நினைவில்லை. திறமையைக் கண்டுபிடிப்பது பெரிய காரியம் என்று இன்றும் மேடைகளில் பேசுகிறார்கள். அவர் கணக்கில் அது பத்து நிமிட வேலை. மிச்ச வேலையெல்லாம் அந்தச் சாகாவில்தான் நடந்தது.

இன்னொன்றும் உண்டு. அந்தக் காலத்தில் ஆறாம் ஆண்டுத் தேர்வில் மலாய் மொழியில் தேறாத தமிழ்ப்பள்ளிப் பிள்ளை இடைநிலைப்பள்ளியின் முதல் வகுப்பான படிவம் ஒன்றுக்குப் போகாமல் ஒரு வருடம் புகுமுக வகுப்பில் உட்கார வேண்டும். எத்தனை நன்றாக ஆடினாலும் அந்த வருடம் அவனை எங்கும் அனுப்ப வழியிருக்காது. அதனால் திடலில் எல்லாக் கட்டளையும் மலாயில்தான். பந்தைத் தவறவிட்டவன் அதை எப்படித் தவறவிட்டேன் என்று முழு வாக்கியமாக மலாயில் சொன்ன பிறகே திரும்ப ஆடலாம். நாங்கள் கற்ற மலாயில் மன்னிப்புக் கேட்கும் வாக்கியங்கள் சற்று அதிகம்.

ஆடை கட்டிய மைலோ

2004 நவம்பர், பள்ளி விடுமுறை. தம்பி ஈப்போவில் நடந்த தேர்வு முகாமுக்குப் போய் வந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. செயற்கைத் திடலில் அவன் ஆடியது அப்போதுதான் முதல் தடவை. 1976 மொன்றியல் ஒலிம்பிக்கிலிருந்து உலகம் அதில்தான் ஆடுகிறது. எங்கள் பிள்ளைகளுக்கு அது இருபத்தெட்டு வருடம் கழித்து வந்தது. "எங்கள் திடலில் பந்து வரும்வரை காத்திருக்க வேண்டும். அங்கே நான் குனிவதற்குள் போய்விடுகிறது" என்றான். இரண்டு முழங்காலிலும் தோல் வழன்றிருந்தது. அம்மா மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் தடவிக்கொண்டே இருந்தாள்.

மழை விட்டு இரவு ஏழரைக்கு எங்கள் லயத்து வரிசை வீட்டு வாசலில் சாகா வந்து நின்றது. சக்கரம் முழுக்கச் செம்மண். அப்பா சட்டையைத் தேடி ஓடினார். விளையாட்டுக்காரர் என்பதால் அம்மா கோப்பி போடாமல் மைலோ கலக்கினாள். வாத்தியார் திண்ணையில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். தம்பியைத் தெற்கே ஒரு விளையாட்டுப் பள்ளிக்கு எடுத்துக்கொள்கிறார்கள். விடுதி, சாப்பாடு, படிப்பு எல்லாம் அவர்கள் பொறுப்பு. இரவு பஸ் ஏறினால் விடியும்போது போய்ச் சேரலாம். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வேண்டும். அப்பா பேனா கேட்டார். தாளை முழுதாக வாசிக்கவும் இல்லை. "குமார் எங்கிருந்து போனான்? தம்பினிலிருந்துதானே?" என்றார் எங்களைப் பார்த்து. தேசியக் கோல்காவலர் எஸ். குமார் அப்போது எங்கள் வீட்டில் ஒருவரைப் போல.

அங்கே நிறுத்தியிருக்கலாம். வந்த வேலை முடிந்துவிட்டது. ஆனால் வாத்தியார் பேனாவை எடுக்கவில்லை. "ஐயா, இன்னும் கொஞ்சம் இருக்கிறது" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, அம்மாவைப் பார்த்துப் பேசத் தொடங்கினார். ஒன்பது வருடத்தில் பதினொரு பேரை அனுப்பியிருக்கிறேன். இரண்டு பேர் மாநிலத்துக்கு ஆடினார்கள். அதில் ஒருவனுக்குத்தான் ஆட்டத்தால் வேலை கிடைத்தது. மூன்று பேர் படிவம் மூன்றுக்கு முன்பே வீட்டு ஞாபகத்தில் திரும்பிவிட்டார்கள். ஒருவனுக்கு முழங்கால் போய்விட்டது, அதோடு படிவம் ஐந்தில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வும் போனது. மிச்சம் ஐந்து பேர் இங்கே இருந்திருந்தால் எப்படி இருப்பார்களோ அப்படித்தான் இருக்கிறார்கள், ஐந்து வருடம் அம்மா சோறு சாப்பிடவில்லை என்பதைத் தவிர. விரல் விட்டு எண்ணியபடி சொன்னார். மைலோவின் மேல் ஆடை கட்டியிருந்தது.

அப்பாவுக்கு முகம் மாறிவிட்டது. "சார், நீங்கள் கேட்க வந்தீர்களா, தடுக்க வந்தீர்களா?"

"கேட்கத்தான் வந்தேன், ஐயா. ஆனால் பையனுக்கு வாத்தியாரும் நான்தானே."

அம்மா அதுவரை வாய் திறக்கவில்லை. அரிசி மூட்டை மேல் உட்கார்ந்திருந்தவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அங்கே அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் சார் போய்க் கூட்டி வருவது?"

"நான் போவேன் அக்கா. முன்பும் இரண்டு முறை போயிருக்கிறேன்."

'நான் போவேன்' என்பதோடு அவர் வாயை மூடியிருந்தால் அம்மா சம்மதித்திருப்பாள் என்று இன்றும் நம்புகிறேன். 'போயிருக்கிறேன்' என்ற சொல்தான் எல்லாவற்றையும் முடித்துவைத்தது. அம்மா எழுந்து மைலோ கோப்பையை உள்ளே எடுத்துப்போனாள், சூடாக வேறு கொண்டுவருகிறேன் என்று. கொண்டுவரவில்லை. எனக்கு அப்போது பத்தொன்பது வயது, கதவோரம் நின்றிருந்தேன். பலகைத் தடுப்புக்குப் பின்னால் தம்பி நின்று கேட்டுக்கொண்டிருக்கிறான் என்பது அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். தடுப்பின் அடியில் அவன் கால்விரல்கள் தெரிந்தன.

ஆள் பிடிக்கும் வேலை

தம்பி போகவில்லை. ஊர் இடைநிலைப்பள்ளியில் படிவம் ஐந்து வரை ஆடினான், மாவட்ட அளவோடு நின்றது. இப்போது ஏர்கோன் பொருத்துகிறான், சொந்தமாக ஒரு வேன் இருக்கிறது, குடும்பம் இருக்கிறது. அந்த இரவைப் பற்றி அவன் பேசி நான் கேட்டதில்லை. பேசுவதெல்லாம் நான்தான். எங்கள் வீட்டுக்கு வர இருந்த ஒரே பெரிய வாய்ப்பை, அதைக் கொண்டுவந்த மனிதரே வாசலில் வைத்து உடைத்துவிட்டுப் போனார் என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். நேர்மையாக இருக்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு, விலை கொடுத்தது என் தம்பி. இதுதான் என் வாதம்.

அந்த வாதத்தில் முதல் விரிசல் விழுந்தது என் வேலையால். தொழிற்சாலை ஒன்றில் ஆள் சேர்க்கும் பிரிவில் இருக்கிறேன். சின்ன ஊர்களுக்குப் போய் மேசை போட்டுப் பிள்ளைகளைச் சேர்க்கிறோம். சம்பளம், மிகைநேரம், விடுதி, மருத்துவம் எல்லாம் சொல்வேன். போன வருடம் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் மூன்று மாதத்தில் ஓடிவிட்டார்கள் என்று நான் சொன்னதில்லை. யாரும் கேட்டதில்லை, அதனால் பொய்யும் சொன்னதில்லை. ஒருநாள் ஒரு பையனின் அம்மா, கிட்டத்தட்ட எங்கள் அம்மா குரலில், "தங்குமிடம் எப்படித் தம்பி?" என்று கேட்டார். "நன்றாக இருக்கும் அம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த விண்ணப்பப் பாரத்தை எடுத்தேன். அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

திறமை தேடுகிறவனின் வேலை இருபது பேரில் ஒருவனைப் பார்ப்பது. வாத்தியாரின் வேலை மிச்சம் பத்தொன்பது பேரின் பெயரையும் மறக்காமல் இருப்பது. இரண்டையும் வேறு வேறு ஆட்களிடம் கொடுத்தால் இருவரும் நிம்மதியாகத் தூங்குவார்கள். எங்கள் ஊரில் இரண்டும் ஒரே ஆள். கையெழுத்து வாங்குகிறவரும் அவர்தான், முழங்கால் போனவனை இரவு பஸ்ஸில் கூட்டிக்கொண்டு திரும்பி வருகிறவரும் அவர்தான்.

ஆனாலும் கோபம் முழுதாகப் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். தம்பி பன்னிரண்டாவதாகப் போய் மூன்றாவது வெற்றியாக இருந்திருக்கலாம். அதை யாராலும் இல்லை என்று சொல்ல முடியாது. அதுதான் தொண்டையில் சிக்கிய முள்.

அரங்கில் இறங்கிப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த மாதத்தோடு ஓய்வு பெறுவதாகச் சொன்னார். தம்பியின் பெயரைச் சொன்னேன். புருவத்தைச் சுருக்கினார். நினைவுக்கு வரவில்லை. எனக்கு நெஞ்சில் ஏதோ இறங்கியது. இருபது வருடம் நான் சுமந்ததை இவர் இறக்கி வைக்கக்கூட இல்லை, ஏற்றவே இல்லை போலிருக்கிறதே. "எந்தத் தோட்டம்?" என்றார். சொன்னதும் முகம் மலர்ந்தது. "மைலோ வீடு! இடதுகைப் பையன். அம்மா எப்படி இருக்கிறார்?"

அம்மா இருக்கிறாள் என்றேன். பிறகு கேட்டுவிட்டேன். "அன்று ஏன் சார் அதையெல்லாம் சொன்னீர்கள்?"

"எல்லா வீட்டிலும் அதைத்தான் சொல்வேன். எண்ணிக்கைதான் வருடத்துக்கு வருடம் மாறும்."

"சொன்ன பிறகும் அனுப்பினார்களா?"

"உங்கள் வீட்டுக்குப் பிறகு பதினாறு பேர் போனார்கள்" என்றார். கண் இன்னும் எல்லைக்கோட்டில்தான். "நான் திரும்பி வந்தவர்களைப் பற்றிப் பேசுவேன். அப்பாக்களுக்கு அந்த இரண்டு பேர் மட்டும்தான் காதில் விழும். பேனா கேட்பார்கள். உங்கள் அம்மா ஒருவர்தான் கடைசிவரை கேட்டார்."

என் வாதத்தில் அம்மாவுக்கு இடமே கொடுத்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. முடிவை வாத்தியார் எடுத்தார் என்றே இத்தனை வருடம் வைத்திருந்தேன். அரிசி மூட்டை மேல் உட்கார்ந்திருந்தவள் எடுத்தாள் என்று ஒருநாளும் தோன்றவில்லை. அவள் மேல் கோபப்பட எனக்குத் துணிச்சல் இல்லாததால்தான் அவர் மேல் பட்டேனோ என்னவோ. "நன்றாக வந்திருப்பானா சார்?" என்று மட்டும் கேட்டேன். நீண்ட நேரம் யோசித்தார். "முதல் வருடம் நன்றாக ஆடியிருப்பான்" என்றார். அதற்கு மேல் போகவில்லை.

ஆட்டம் 2-2 என்று முடிந்து, ஷூட்-அவுட்டில் ஜப்பான் 4-1 என்று வென்றது. படியில் இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார். பழுதான முழங்கால் இப்போது இரண்டாகிவிட்டது. இரவில் கார் ஓட்டுவதில்லையாம், பஸ்ஸில் வந்திருக்கிறார். என் காரில் ஏற்றிக்கொண்டேன். சுங்கை சிப்புட் நெருங்கியதும் எங்கள் பழைய தோட்டத்துக்குத் திரும்பும் முனை வந்தது. லயங்களை இடித்துப் பல வருடமாகிவிட்டது, பெயர்ப்பலகை மட்டும் நிற்கிறது. கண்ணாடியில் நெற்றி படும்படி சாய்ந்து அந்தச் சாலையைப் பார்த்தார்.

"இப்போது கடைசி பஸ் எத்தனை மணிக்கு?"

"பஸ்ஸே இல்லை சார்."

தலையாட்டினார். கொஞ்ச தூரம் போன பிறகு, "அந்தப் பந்து பொறுக்கும் பையனைப் பார்த்தாய் அல்லவா" என்றார். "இடைவேளையில் போய்க் கேட்டேன். வீடு அரங்கத்துக்குப் பின்னால்தானாம். நடந்தே வந்துவிடுவானாம்."